கம்பம்மெட்டுக்காரி

பெர்சி பிறந்தபோது அவளுக்கு நாடு என்று ஒன்று கிடையாது.

பிறந்தது என்னவோ இலங்கையில்தான். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அவளுடைய அப்பா செபமாலையும் அதே லயத்தில் பிறந்தவர். ஆனால் முப்பாட்டன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அந்த நாடு அவர்களைத் தன் ஆட்கள் என்று ஏற்கவில்லை, கள்ளத்தோணியில் வந்தவர்கள் என்று ஏசியது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசித் தோட்டத்துச் சனங்களைப் பங்கு பிரித்தபோது, செபமாலையின் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. சட்டி பானையை விற்றுப் பெட்டியும் கட்டியாயிற்று. அதற்குள் சண்டை மூண்டு கப்பல் நின்றுபோனது. இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை என்று கிடந்தார்கள்.

பெர்சிக்குப் பதின்மூன்று வயதாகும்போதுதான் அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு எழுதினார்கள். செபமாலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று, உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "இனி ஒருத்தனும் என்னைக் கள்ளத்தோணின்னு சொல்ல ஏலாது."

அந்தக் குரலைப் பெர்சி மறக்கவில்லை. ஒரு மனிதனை நேராக நிற்க வைப்பது சோறு மட்டுமல்ல என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது.

வளர்ந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே தேவாலயத்தில் வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வரும் ஒரு டிரைவர், பாட்டு வராவிட்டாலும் எல்லாரையும் விட உரக்கப் பாடுவான். பெயர் சுவக்கீன், ஊர் இடுக்கி மாவட்டத்துக் கம்பம்மெட்டு. பூசை முடிந்து ஒருநாள் அவள் கேட்டாள், "நீங்க பாடுறதா, கத்துறதா?" அதிலிருந்து பேச்சு வளர்ந்து, இரண்டு வருடம் கழித்துக் கம்பம்மெட்டுக் கோயிலில் கல்யாணமாக முடிந்தது. குவைத்தில் சேர்த்ததை வைத்துச் சுவக்கீன் ஒரு ஜீப் வாங்கினான். காலையில் மலைக்குக் கீழே தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றி வருவதும், சாயங்காலம் மலையிறக்கி விடுவதும் அவன் தொழில்.

மாமியார் இருதயம்மாளுக்கு மருமகளைப் பிடித்துப்போயிற்று. ஏலக்காட்டில் பாதி ஆயுளைக் கழித்த மனுஷி. பேச்சில் முள் இருக்கும், மனசில் இருக்காது. "ஏ, அன்னைக்குப் போன நம்ம சனம்தானே? சுத்திக்கிட்டு நம்ம மண்ணுக்கே வந்துட்டா" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

மண்ணுக்கு அது சரி. சட்டத்துக்கு அப்படி இல்லை. சட்டத்தின் கண்ணில் பெர்சி ஒரு வெளிநாட்டுக்காரி. விசாவில் வந்தவள். அந்த விசாவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தங்கும் இடத்தைப் போலீஸில் பதிந்திருக்க வேண்டும். எல்லையோரச் செக்போஸ்ட்டில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் தினம் ஆயிரம் பேர் யாரும் கேட்காமல் நடந்து போய் வருகிற ஊரில், அவள் ஒருத்திக்கு மட்டும் தேதி போட்ட வாழ்க்கை.

அவள் கர்ப்பமாக இருந்தபோது நெடுங்கண்டத்தில், ஒரு பங்குக் கோயில் மண்டபத்தில், இலவச சட்ட உதவி முகாம் நடந்தது. பெர்சி தன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே உட்கார்ந்திருந்த வக்கீலின் பெயர் ஆர்த்தி. பாலக்காட்டுக்குக் கிழக்கே மீனாட்சிபுரத்தில் மாட்டுப் பண்ணைக்காரர் வீட்டுப் பெண். வேலை கிடைத்து இடுக்கிக்கு வந்தவள். பேச்சு மட்டும் இன்னும் மலையேறவில்லை, பொள்ளாச்சிக் காற்றடித்தது.

"ஏனுங்க, எத்தனை மாசங்க?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் பாஸ்போர்ட்டை வாங்கினாள். விசா பக்கத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "இது ஆவணி மாசம் முடியுதுங்களே. கொழந்தை எப்பங்க?"

"அதுக்கு அடுத்த மாசம்."

"அப்படின்னா ஒண்ணு சொல்றனுங்க, நல்லா மனசுல வெச்சுக்கோங்க. இந்த ஊர்ல பொறந்துட்டா மட்டும் கொழந்தை இந்தியக் குடிமகன் ஆயிராதுங்க. அப்பன் இந்தியனா இருந்தாலும் பத்தாது. அம்மா அன்னிக்கு முறைப்படி தங்கியிருக்கறவங்களா இருக்கோணும். கொழந்தை பொறக்கற அன்னிக்கு உங்க விசா உசுரோட இருக்கோணும். செத்துப்போச்சுன்னா, நீங்க சட்டவிரோதமாத் தங்கினவங்க. கொழந்தைக்கு அந்த உரிமை கெடையாதுங்க."

பெர்சியின் கை தானாக வயிற்றின் மேல் போய் நின்றது.

"பயந்துக்காதீங்க. முடியறதுக்கு முன்னாலயே ஆன்லைன்ல நீட்டிப்புக்குப் போட்டுருங்க. கல்யாண சர்ட்டிபிக்கட் வேணும். கையில இருக்குதுங்களா?"

இருந்தது. ஆனால் அதில் பெயர் தப்பாக இருந்தது. பஞ்சாயத்தில் பதியும்போது எழுத்துக் கூட்டிச் சொன்னவன் சுவக்கீன். பாஸ்போர்ட்டில் ஒரு பெர்சி, சர்ட்டிபிக்கட்டில் வேறொரு பெர்சி. அதைத் திருத்த மனு கொடுத்து, அலைந்து, திருத்திய சர்ட்டிபிக்கட் கைக்கு வந்தபோது விசா முடியச் சில நாட்களே பாக்கி. அந்த வாரம்தான் மழை பிடித்தது.

சாதாரண மழை அல்ல அது. அந்த வருட மழையை மலையில் இருப்பவர்கள் இன்னும் பேசுகிறார்கள். கரண்ட் போயிற்று. டவர் போயிற்று. நெடுங்கண்டம் போகிற பாதையில் மரம் விழுந்து கிடந்தது. ஜங்ஷனில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டான். கம்பத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து, வண்டி போக வழியில்லை என்று செய்தி வந்தது.

பெர்சி சமையலறை வாசலில் நின்று சொன்னாள்: "நாளைக்குக் கம்பம் போகணும்."

இருதயம்மாள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மலையே இறங்கி வருது. நீ வயித்தத் தூக்கிக்கிட்டு மலையிறங்கப் போறியாக்கும்."

"விசா முடியுது மாமி."

"முடிஞ்சா முடியட்டும். இந்தக் காட்டுக்குள்ள யாரு வந்து கேக்கப் போறா? மழை விட்டதும் அபராதம் கட்டிக்கிடலாம். புள்ளைக்கு அப்பன் இந்த மண்ணுல பொறந்தவன். அவன் அப்பனும் இங்கதான் பொறந்தான். அது போதாதா?"

"போதாது மாமி. வக்கீல் அக்கா சொன்னாங்க."

"வக்கீலுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவா."

சுவக்கீன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான். "நீ இரு. நான் போயி எல்லாம் போட்டுட்டு வாறேன். ஓ.டி.பி. வரும், உன் போனை மட்டும் குடு."

பெர்சி அவனைப் பார்த்தாள். "என்ட பேரை எழுத்துக் கூட்டிச் சொன்னது யாரு?"

அவன் ஜீப் சாவியைத் தேடப் போனான்.

மாமியாரிடம் அவள் கடைசியாகச் சொன்னது கோபமாக இல்லை. "எங்கப்பா ஐம்பது வயசு வரைக்கும் எந்த நாட்டுக்காரனும் இல்லை மாமி. நானும் அப்படித்தான் பிறந்தேன். என்ட பிள்ளையும் அப்படிப் பிறக்க நான் விடமாட்டேன்."

இருதயம்மாள் விடியும் முன் எழுந்து, கஞ்சி காய்ச்சித் தூக்கில் ஊற்றி, சுருக்கென்று மருமகள் கையில் திணித்தாள். "குடிச்சிட்டுப் போ. வழுக்குனா அவன் தோளைப் பிடி, சட்டையைப் பிடிக்காத. கிழிஞ்சிரும்."

மண் சரிந்த வளைவு வரைக்கும் ஜீப் போயிற்று. அங்கே சாலையின் பாதியை மண் மூடியிருந்தது. மேலே வேரோடு பெயர்ந்த ஒரு பலாமரம் எந்த நேரமும் இறங்குவேன் என்பதுபோல் சாய்ந்து நின்றது. மண்ணை வாரிக்கொண்டிருந்த ஆட்கள் பெர்சியைக் கண்டதும் வேலையை நிறுத்தினார்கள். "பிரசவக் கேஸா அண்ணே?" என்று ஒருவன் கேட்டான். சுவக்கீன் என்ன சொல்வதென்று தெரியாமல் "அந்த மாதிரிதான்" என்றான். அவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சேற்றின் மேல் பலகையை வரிசையாகப் போட்டார்கள். ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பாஸ்போர்ட், மறு கை சுவக்கீன் தோளில். பெர்சி கீழே பார்க்காமல் நடந்தாள். பாதியில் குழந்தை உள்ளே ஓர் உதை விட்டது. "நீ சும்மா இரு. உன் வேலையாத்தான் போறேன்" என்று அதனிடம் முணுமுணுத்தாள். சுவக்கீனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், சுவக்கீனுக்குப் பழக்கமான ஒரு கம்பத்து ஜீப்காரன் ஏற்றிக்கொண்டான். மலையின் ஒரு பக்கம் உலகம் முழுகிக் கிடக்க, கீழே திராட்சைத் தோட்டங்களில் பளீரென்று வெயில் அடித்தது. நனைந்த சேலையோடு கம்பம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குள் அவர்கள் நுழைந்தபோது, உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சென்டரில் இருந்த பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

எளிதில் முடியவில்லை. புதுப் போட்டோ எடுத்தார்கள். அளவு பெரிது என்று இணையதளம் திருப்பியடித்தது. சுருக்கிப் போட்டால், சிறிது என்றது. வீட்டுச் சான்று ஏறியது, கல்யாணச் சான்று ஏறவில்லை. நடுவில் தொடர்பு அறுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. சென்டர்ப் பெண் சலித்துப்போய், "அக்கா, நாளைக்கு வாங்களேன்" என்றாள்.

"நாளைக்கு வழி இருக்குமோ என்னவோ தங்கச்சி. ஏறுற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."

பெர்சி ஒவ்வொரு கட்டத்தையும் திரையில் விரல் வைத்துப் படித்தாள். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்தாள். கடைசியில் திரையில் பச்சை எழுத்து வந்தது. விண்ணப்பம் பெறப்பட்டது என்று ஓர் எண். சென்டர்ப் பெண் அதை அச்சடித்துக் கொடுத்தபோது தாள் சூடாக இருந்தது. பெர்சி வெளியே வந்து, வெயிலில் ஒரு கடை வாசற்படியில் உட்கார்ந்து, அந்த நாளில் முதல் தடவையாக அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது" என்றாள். இரண்டு பேரும் புரோட்டா சாப்பிட்டார்கள். அவள் சாப்பிட்ட அளவைப் பார்த்துக் கடைக்காரர் சால்னாவைக் கேட்காமலே ஊற்றினார்.

மழை ஓய்ந்ததும் போலீஸிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தான். வெளிநாட்டவர் பதிவைக் கவனிக்கும் பிரிவில் இருந்த பிஜு என்ற இளைஞன். சேறு படிந்த மோட்டார் சைக்கிளை முற்றத்தில் நிறுத்திவிட்டுப் பால் விடாத கட்டன்காப்பி குடித்தான். தாள்களைப் பார்த்தான். தேதியைப் பார்த்து நிமிர்ந்தான்.

"சேச்சி, அந்த மழையில நீங்க எங்ஙனெ போனது? ரோடே இல்லையே."

"நடந்து போனேன்."

பிஜு அவளையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான். "எல்லாரும் தேதி கழிஞ்ஞிட்டு வந்து எங்க கால்ல விழும். மழைன்னு சொல்லும், பனின்னு சொல்லும். முன்னாடியே போட்ட ஆளை இப்பத்தான் காணுது." எழுந்து போகும்போது தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தான். விளையாட்டுக்கு வைத்ததுதான். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்த இருதயம்மாளுக்கு அன்றைக்கு முழுதும் வாய் ஓயவில்லை. "போலீஸே சல்யூட் அடிச்சிட்டுப் போறான்ட்டி!" என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கஞ்சி கொடுத்து அனுப்பியது தான்தான் என்பதையும் விடவில்லை.

விசா நீட்டிப்பு வந்தது. அதற்கு அடுத்த வாரம் நெடுங்கண்டம் ஆஸ்பத்திரியில் சிஞ்சு பிறந்தாள்.

அந்தப் பயணத்தின் பலன் என்ன என்பது சிஞ்சுவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது தெரிந்தது. தாய் வெளிநாட்டுக்காரி என்றதும் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தார். குழந்தை பிறந்த அன்று தாய்க்கு விசா இருந்ததா என்று கேட்டார். பெர்சி எடுத்துக் காட்டினாள். அவர் பார்த்தார், தலையாட்டினார், முத்திரை குத்தினார். சுவக்கீனுக்கு அந்தக் குத்தும் ஓசையில் பலகை மேல் நடந்த அந்தக் காலை நேரம் கண்முன் வந்து போயிற்று.

அந்தப் பாஸ்போர்ட்டோடு மூவரும் இலங்கைக்குப் போனார்கள். லயத்து வாசலில் செபமாலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேத்தியின் பாஸ்போர்ட்டைத் திறந்து, "இந்தியன்" என்ற எழுத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். "பெட்டி கட்டி வச்சமே, கப்பல் வரல்ல. இந்தச் சின்னவள் நமக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டாள் பாரு" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லயம் முழுக்கச் சுற்றினார்.

பெர்சியின் காரியம் இன்னும் முடியவில்லை. மகள் இந்தியக் குடிமகள், கணவன் குடிமகன். அவள் மட்டும் விசாக்காரி.

அது அவளை உறுத்தியதற்கு ஒரு கிராமசபைக் கூட்டமும் காரணம். குடிநீர்க் குழாய் அவர்கள் பக்கம் வரவில்லை. பெண்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டியிருந்தது. பெர்சி எழுந்து நின்று பேசினாள், நன்றாகவே பேசினாள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஓட்டு இல்லாத ஆளுக்குக் கிராமசபையில என்ன பேச்சு?" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. பெர்சி உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வருகிற வழியில் சுவக்கீன் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தான். அவள் சொன்னாள், "அவரைத் திட்டி என்ன? அவர் வாயை மூட வேண்டியது நான்."

மறுபடி ஆர்த்தியிடம் போனாள். ஆர்த்தி இரண்டு வழி சொன்னாள். இந்தியரைக் கட்டிய வெளிநாட்டவருக்கு ஒரு கார்டு உண்டு. அதை வாங்கினால் ஆயுசுக்கும் விசாத் தொல்லை இல்லை, போலீஸ் பதிவு இல்லை. "ஆனா ஓட்டு இல்லீங்க. வெவசாய நெலம் வாங்க முடியாது. குடியுரிமைன்னா வேற. இந்தியரைக் கல்யாணம் பண்ணி இங்கயே ஏழு வருசம் குடியிருக்கோணும். மனு போடறதுக்கு முந்தின ஒரு வருசம் நாட்டை விட்டு வெளிய போகாம இருக்கறது நல்லதுங்க. அப்பறம் இலங்கைக் குடியுரிமைய விட்டுக் குடுக்கோணும். ரண்டு நாடு வெச்சுக்க நம்ம சட்டத்துல எடமில்லீங்க. கார்டு சுளுவுங்க. உங்களுக்கு எது?"

"எனக்கு அரைவாசி வேணாம் அக்கா. முழுசா வேணும்."

ஆர்த்தி சிரித்தாள். "அதான் நெனச்சேனுங்க."

பெர்சி அந்த ஏழு வருடம் முடியக் காத்திருந்தாள். கடைசி வருடத்தில் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. போகவில்லை. சுவக்கீன் போனை உயர்த்திப் பிடிக்க, அவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு வீடியோவில் தாலி கட்டுவதைப் பார்த்தாள். மனு போட்டாள். பிறகு பைனாவில் கலெக்டர் ஆபீஸில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்த அதிகாரி வயதான மலையாளி அம்மா, தமிழிலேயே கேட்டார்.

"கணவர் இருக்கார், குழந்தை இருக்கு, விசாவும் ஒழுங்கா இருக்கு. யாரும் உங்களை அனுப்பப் போறதில்லை. பின்னே எதுக்கு இது?"

பெர்சி யோசித்துப் பதில் சொன்னாள். "மேடம், இப்ப நான் இந்த ஊர்ல இருக்கிறது உங்க தயவு. நல்ல தயவுதான், குறை சொல்ல ஏலாது. ஆனா தயவுல இருக்கிறவ எதுவும் கேக்க ஏலாது. எனக்குக் கேக்கணும். தண்ணி கேக்கணும், ரோடு கேக்கணும். என்ட மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துல ஏன் டீச்சர் இல்லைன்னு கேக்கணும்."

அதிகாரி ஒரு தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். பிறகு எழுதினார். என்ன எழுதினார் என்று பெர்சிக்குத் தெரியாது.

பல மாதம் கழித்து ஒப்புதல் வந்தது. இனி இலங்கைக் குடியுரிமையைத் துறந்த சான்றைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இந்தியச் சான்றிதழ் தருவார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெர்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதைக் கொடுப்பதற்கும் இதை வாங்குவதற்கும் நடுவில் சில வாரம் அவள் எந்த நாட்டுக்காரியும் இல்லை. அதைவிடப் பெரிய வேதனை வேறு. அப்பா பாதி ஆயுள் காத்திருந்து வாங்கியதை, அவள் ஒரு கையெழுத்தில் விட்டுவிடப் போகிறாள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சுவக்கீன்தான் போனைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்தப் பக்கம் இருமிக்கொண்டே செபமாலை கேட்டார், "என்ன மகள், இதுக்கா அழுவுற?"

"நீங்க கஷ்டப்பட்டு வாங்கினதுப்பா."

"ஆமா, வாங்கினேன். என்ட அப்பா சாகும்போது அவருக்கிட்ட விட்டுக் குடுக்கவும் ஒரு நாடு இல்ல. இல்லாதவன் எதை மகள் விட்டுக் குடுக்க ஏலும்? உன்கிட்ட இருக்கு, நீ குடுக்கிற. துரத்தி விட்டு நீ போகல்ல. ஒளிஞ்சு போகல்ல. நீயே பார்த்து, நீயே கேட்டு, மேசைக்கு முன்னால நின்னு போற. நம்ம குடும்பத்துல அப்படிப் போற முதல் ஆள் நீ. நல்ல சேலை கட்டிட்டுப் போய்க் குடு."

நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் சென்னையில் இருந்த இலங்கைத் தூதரக அலுவலகத்துக்குப் போனாள். கையெழுத்துப் போட்டாள்.

பைனாவில் உறுதிமொழி எடுக்கும் நாளன்று குடும்பமே ஜீப்பில் ஏறியது. இருதயம்மாள் மூட்டுவலியைப் பார்க்காமல் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆர்த்தியும் வந்திருந்தாள். அங்கே இருந்த எழுத்தர், "மலையாளத்தில் வாசிக்கலாம், இங்கிலீஷிலும் வாசிக்கலாம்" என்றார். பெர்சி, "தமிழ்ல ஏலுமா?" என்று கேட்டாள். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து தலையாட்டினார்.

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் மீது உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன் என்றும், இந்த நாட்டின் சட்டங்களைக் கடைப்பிடித்து ஒரு குடிமகளின் கடமைகளைச் செய்வேன் என்றும் அவள் நிறுத்தி நிறுத்தி, சொல் சொல்லாக, உரக்க வாசித்தாள். அறைக்கு வெளியே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சுவக்கீன் மகளைத் தூக்கிப் பிடித்திருந்தான். வாசித்து முடித்ததும் கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. இருதயம்மாள் தட்டினாள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். விசாரித்த அந்த அதிகாரியம்மாவும் தட்டினார்.

அந்த வருடக் கடைசியில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெர்சியின் பெயர் இருந்தது, இந்தத் தடவை எழுத்துப் பிழையில்லாமல். மூன்று கட்சிக்காரர்களும் வீடு தேடி வந்தார்கள். முன்பெல்லாம் வந்தால் இருதயம்மாளிடமும் சுவக்கீனிடமும் பேசிவிட்டு, அவளைப் பார்த்து ஒரு சிரிப்போடு போய்விடுவார்கள். இப்போது, "சேச்சி, ஓட்டை மறக்கண்டா" என்று அவளுக்கும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பெர்சி மூன்று பேரையும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். குழாய் எப்போது வரும் என்று மூன்று பேரிடமும் கேட்டாள். முதல் ஆள் சிரித்து மழுப்பினான். இரண்டாமவன் சத்தியம் செய்தான். மூன்றாவதாக வந்த பெண், "எஸ்டிமேட் போட்டிருக்கு, பணம் வரல்ல. வந்தா முதல்ல உங்க பக்கத்துக்குத்தான்" என்று உள்ளதைச் சொன்னாள். பெர்சி எல்லாருக்கும் ஒரே மாதிரித் தலையாட்டினாள்.

ஓட்டுப் போடும் நாள் காலையில் வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றது. பனி விலகவில்லை. அவளுக்கு முன்னால் நின்ற ஏலக்காட்டுப் பெண்கள், "நீ முன்னால போ பெர்சி, உனக்கு இது முதல் ஓட்டு" என்று வழிவிட்டார்கள். அவள் போகவில்லை. "வரிசையில நிக்கிறேன். அதுதான் எனக்கு ஆசை" என்றாள்.

விரலில் மையோடு வெளியே வந்தபோது சுவக்கீன் ஜீப் பக்கத்தில் நின்றிருந்தான். "யாருக்குப் போட்ட?" என்று கேட்டான்.

"சொல்ல ஏலாது."

"ஏய், என்கிட்டயுமா?"

"யாருக்கும் சொல்ல ஏலாது. அது என்ட ஓட்டு" என்று சொல்லிவிட்டு, பெர்சி ஜீப்பின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.